அறிந்து விழுதல்

அமிர்தம் குழிக்குள் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், பின்னால் பதினேழு பேர் தனித்தனியாக வந்து அதைக் கேட்டு எழுதிக்கொண்டதுதான். விழும்போது அவள் மணி பார்க்கவில்லை. முதலில் கேட்டவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று எட்டுப் பத்து என்றாள். மற்ற பதினாறு பேரிடம் மாற்றிச் சொல்லக் கூச்சப்பட்டு அதையே சொன்னாள். பதினேழு குறிப்புகளும் ஒத்துப்போனதில் அவர்களுடைய இயக்குநர் நெகிழ்ந்துபோனார் என்று பிறகு தெரிந்தது.

குழி இருந்தது விருத்தாசலத்தில், செராமிக் ஷெட்டுகள் வரிசையாக நிற்கும் பக்கம். ரோட்டிலிருந்து ஷெட்டுகளுக்குப் போக ஒரு வாய்க்காலைத் தாண்ட வேண்டும். அதன் மேல் இரண்டு கற்பலகைகள் கிடந்தன. களிமண் லாரி ஒன்று பின்பக்கமாக வந்ததில் ஒரு பலகை உடைந்து உள்ளே போய்விட்டது. மிச்சமிருந்த பலகையில் ஒருவர் கால் வைத்துப் போகலாம். எதிரே ஆள் வந்தாலோ, கையில் சாமான் இருந்தாலோ, நினைப்பு வேறு எங்காவது இருந்தாலோ இடுப்பளவு ஆழத்தில் இறங்க வேண்டியதுதான். அமிர்தம் நல்லூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அமீனுதீன் பாயின் பொம்மை ஷெட்டில் வேலை செய்தாள். அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் ஓரத்தில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புவது அவள் வேலை. அன்றைக்கு அவள் நினைப்பு, பஸ்ஸில் மறந்துவிட்டு வந்த குடையில் இருந்தது.

கணுக்கால் வீங்கிப்போயிற்று. பற்றுப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தவளை உட்கார வைத்து மனு எழுதிக் கொடுத்தது ஜெரினா. அதே ஷெட்டில் பொம்மைகளுக்குக் கண் எழுதுபவள். அவள் கண் எழுதி வைத்த பொம்மைகள் இருக்கும் அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து யாரும் தூங்க மாட்டார்கள், முதலாளி பார்ப்பதுபோல இருக்கும் என்பார்கள். கணவன் சவூதியில், தம்மாமில் வேலை. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். தினமும் அதே வாய்க்காலைத்தான் தாண்டி வந்தாள்.

பாயே ஒரு கல் வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் வாய்க்கால் அரசாங்கத்துடையது. முன்பு பக்கத்து ஷெட்டுக்காரர் ஒருவர் சொந்தமாகக் கல் போட்டு, ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வாங்கி, போட்ட கல்லை எடுப்பதற்குத் தனியாக அனுமதி வாங்கினார். ஆகவே மனு. மனுவில் மூன்றே வரி. வாய்க்கால் கல் உடைந்து குழியாக இருக்கிறது. நான் விழுந்துவிட்டேன். ஒரு கல் போட்டுத் தரவும்.

மனு மேசை மேசையாகப் போயிற்று. ஒரு மேசையில் ‘நான் விழுந்துவிட்டேன்’ என்ற வரியை ஒரு அலுவலர் அடிக்கோடிட்டார். கல் உடைந்தது வேறு துறை. விழுந்தது மனுதாரர் தானே செய்த செயல். அது நடத்தை. அதே வாரம் அவர் மேசைக்கு, நடத்தைவழித் தீங்குத் தடுப்பு ஆய்வுமுறைப் பயிற்சி மையத்திலிருந்து, களப்பயிற்சிக்குத் தகுந்த இடம் இருந்தால் தெரிவிக்கவும் என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தினார்.

ஒன்றரை மாதம் கழித்து அமிர்தத்துக்குப் பதிவுத் தபால் வந்தது. தங்கள் குழி தேர்வு செய்யப்பட்டுள்ளது என்றிருந்தது. ஜெரினா இரண்டு தடவை வாசித்தாள். கல் வரப்போகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். பாய் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார். சூளை போடுகிற பக்கிரி, கல்லை இறக்க ஆள் வேண்டுமென்றால் தன்னைக் கூப்பிடச் சொன்னான்.

திங்கட்கிழமை காலை கல்லுக்குப் பதிலாக ஒரு ஏசி பஸ் வந்து நின்றது. அதிலிருந்து முப்பத்திரண்டு ஆய்வாளர்கள் ஒரே மாதிரிப் பையோடு இறங்கினார்கள். குழியைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பின்வாங்கிப் படம் எடுக்கும்போது உள்ளே விழுந்தார்கள். ஆய்வு இன்னும் தொடங்கவில்லை என்பதால் அவர்களைத் துடைத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

தொடக்க விழா கல்யாண மண்டபத்தில். மையத்தின் இயக்குநர் முனைவர் சக்கரபாணி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அமிர்தத்தைச் சமூகத்தின் குரல் என்று சொல்லி மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போட்டார்கள். அவள் பேச எழுந்தபோது நேரமின்மை காரணமாக மைக் அடுத்தவருக்குப் போயிற்று. கடைசியாக இயக்குநர் பேசினார்.

“மக்கள் குழியை மூடுங்கள் என்கிறார்கள். மூடுவது கொத்தனார் வேலை. கொத்தனார் ஒரு குழியை மூடுவார், அத்தோடு போய்விடுவார். நாம் மனிதனுக்கும் குழிக்கும் உள்ள உறவையே மாற்றி அமைக்கிறோம். இத்துறையில் எனக்கு முப்பது ஆண்டு அனுபவம். இந்த முப்பது ஆண்டில் நான் ஒரு குழியைக்கூட மூடியதில்லை என்பதை இந்த அவையில் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.”

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது. மேடையில் இருந்ததால் அமிர்தமும் தட்டினாள்.

மறுநாள் நேர்காணல்கள் தொடங்கின. ஷெட்டுகளில் வேலை செய்யும் நாற்பது பேரையும் எழுதிக்கொண்டார்கள். ஒரு முறை விழுந்தவர்களை இரண்டு பேரும், காயத்தோடு விழுந்தவர்களைப் பலரும் கேட்டார்கள். பயிற்சி என்பதால் கேள்வி ஒன்றேதான், கேட்பவர்தான் மாறுவார். அமிர்தத்தைப் பதினேழாவதாகக் கேட்டவள் இளமதி. புதுச்சேரிப் பக்கத்துப் பெண், முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். மற்றவர்கள் டேப்லெட்டைப் பார்த்துக் கேட்டார்கள். அவள் மட்டும் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அதனால் அவளிடம் பொய் சொல்ல அமிர்தத்துக்குச் சங்கடமாக இருந்தது.

குழியில் விழுவது எனக்குப் பிடிக்கும் என்பது ஒரு வாக்கியம். அதோடு முற்றிலும் உடன்படுகிறேன் என்பதிலிருந்து முற்றிலும் மறுக்கிறேன் என்பதுவரை ஐந்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிடிக்காது என்றாள் அமிர்தம். முற்றிலும் பிடிக்காதா, ஓரளவு பிடிக்காதா என்று இளமதி பணிவாகக் கேட்டாள். அமிர்தம் யோசித்தாள். சூளை எரியும் நாளில் ஷெட்டுக்குள் இருக்கிற வேக்காட்டை நினைத்துப் பார்த்தால், உள்ளே கொஞ்சம் சில்லென்றுதான் இருந்தது. அதை மறைக்கக் கூடாது என்று ஓரளவு என்றாள். அடுத்த கேள்வி, குடும்பத்தில் வேறு யாராவது விழுந்திருக்கிறார்களா என்பது. அம்மா ஒருமுறை கிணற்றில் விழுந்து மேலே தூக்கினார்கள் என்றாள். இளமதி தயங்கித் தயங்கித்தான் அதைப் பதிந்தாள்.

அன்று மாலையே மண்டபத்துச் சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டப்பட்டது. நடுவில் ஒரு வட்டம், அதற்குள் ‘விழுகை’ என்ற சொல். எல்லாப் பக்கத்திலிருந்தும் அதை நோக்கி அம்புகள். குறைந்த படிப்பு, இடது கையில் டிபன் பை, குடை இழப்பு, கணவனோடு பேச்சுவார்த்தை, விழுவதில் ஓரளவு விருப்பம், தாய்வழிக் கிணறு. முப்பத்தாறு அம்புகள் இருந்தன. இளமதி எழுந்து, குழி எங்கே என்று கேட்டாள். பாடம் நடத்தியவர், நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு விளக்கினார். குழி எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. பொதுவாக இருப்பது ஒருவர் விழுவதற்கும் இன்னொருவர் விழாததற்கும் காரணமாக முடியாது. ஆகவே ஆய்வுமுறைப்படி விழுவதற்கும் குழிக்கும் சம்பந்தம் இல்லை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். இளமதியும் எழுதிக்கொண்டாள், ஆனால் பேனாவை மூடாமல் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை குலுக்கல். நாற்பது பேருடைய பெயரையும் சீட்டில் எழுதி, பாய் ஷெட்டிலிருந்து வாங்கிவந்த ஊறுகாய் ஜாடியில் போட்டுக் குலுக்கினார்கள். இருபது பேர் பயிற்சிக் குழு. அவர்களுக்கு விழாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பார்கள். இருபது பேர் ஒப்பீட்டுக் குழு. அவர்களுக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள், எப்படி விழுகிறார்கள் என்று பார்ப்பார்கள். அமிர்தம் பயிற்சிக் குழுவில் வந்தாள். ஜெரினா ஒப்பீட்டுக் குழுவில் வந்தாள். இரண்டு குழுவினரும் ஆய்வு முடியும்வரை குழியைப் பற்றித் தங்களுக்குள் பேசக் கூடாது. பேசினால் பயிற்சி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கசிந்துவிடும்.

அமிர்தம் இதற்குள் இயக்குநர் அருகில் போய்விட்டாள். நல்லூர் பஸ்ஸில் இடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“சார், அந்தப் பொண்ணு மாசமா இருக்குதுங்க. ஏழு மாசம். அதை மட்டும் எங்க பக்கம் போட்டுடுங்களேன். நான் வேணா அந்தப் பக்கம் போயிடறேன். ஏற்கெனவே வுழுந்தவதானே.”

இயக்குநர் அவளை உட்காரச் சொன்னார். கனிவாகவே பேசினார். “அம்மா, உங்க நல்ல மனசு புரியுது. ஆனா இன்னைக்கு ஒரு கர்ப்பிணிக்காக அறிவியல் வளைஞ்சு கொடுத்தா, நாளைக்கு இன்னொரு கர்ப்பிணியும் வருவாங்க. அப்பறம் யாருமே விழ மாட்டாங்க. நாங்க எதை ஆராயறது?”

பாய்க்கு இது பொறுக்கவில்லை. வருவது வரட்டும், நோட்டீஸ் வந்தாலும் சரி, தானே ஒரு கல் போடுவதாகச் சொன்னார். அப்படிச் செய்தால் ஆய்வுமொழியில் அவர் ஒரு ‘குழப்பும் மாறி’ ஆகிவிடுவார் என்று எச்சரித்தார்கள். அமீனுதீன் பாய் வியாபாரத்தில் பலரிடம் பல பேச்சு வாங்கியவர். இப்படி ஒன்றை இதுவரை யாரும் சொன்னதில்லை. அர்த்தம் தெரியாததாலேயே பயமாக இருந்தது. ஒதுங்கிக்கொண்டார்.

குழிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு தர்மராஜ் என்ற ஆய்வாளரை உட்கார வைத்தார்கள். யார் விழுந்தாலும் கையிலிருக்கும் எண்ணிக் கருவியை ஒரு முறை அழுத்த வேண்டும். எச்சரிக்கக் கூடாது, தூக்கிவிடக் கூடாது, முகபாவம் கூடாது. தர்மராஜ் இளகிய மனசுக்காரர். முதல் நாள் ஒரு கிழவர் கால் தப்பப் போகையில் அவரையும் அறியாமல் இருமிவிட்டார். கிழவர் நின்றுவிட்டார். அது மறைமுகக் குறுக்கீடு என்று எழுதப்பட்டது. அவருக்கு இருமல் மிட்டாய் கொடுத்தார்கள். அடுத்த நாளிலிருந்து அவர் பார்க்க மனமில்லாமல் குழிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சத்தத்தை வைத்து எண்ணினார்.

பயிற்சிக் குழுவுக்கு மண்டபத்தில் வகுப்பு. தரையில் சாக்பீஸால் ஒரு குழி வரைந்திருந்தார்கள். அசல் குழியில் வைத்துப் பயிற்சி கொடுத்தால் ஆபத்து அல்லவா? நில், நோக்கு, நினை, நகர் என்று கைதட்டிச் சொல்லிக்கொண்டே ஒவ்வொருவரும் சாக்பீஸ் குழியைச் சுற்றிப் போக வேண்டும். பக்கிரி சிறப்பாகப் போனான். நின்றான், நோக்கினான், கண்ணை மூடி நீண்ட நேரம் நினைத்தான், பூனைபோல நகர்ந்தான். அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்து எல்லோர் முன்னிலும் பாராட்டினார்கள். ஐந்தரை மணிக்கு, ஷெட்டில் விட்டிருந்த சைக்கிளை எடுக்கப் போகிறபோது மதிப்பெண் தாளைப் பார்த்துக்கொண்டே போய் அசல் குழியில் விழுந்தான். ஐந்து மணிக்கு மேல் கணக்கில்லை என்பதால் மதிப்பெண் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை மையத்தில் கவலை பரவியது. நாற்காலி, நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள், சுற்றிக் கொடிகள், மேலே ஷாமியானா என்று இருந்ததால் போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நின்று பார்ப்பவர்கள் விழுவதில்லை. ஆய்வு செல்லுபடியாக அறுபத்துநான்கு விழுகைகள் தேவை. கிடைத்தது ஆறு. விழுகைப் பற்றாக்குறை என்ற தலைப்பில் அவசரக் கூட்டம் நடந்தது. ஷாமியானாவைப் பிரிக்கலாம் என்றார் ஒருவர். அதற்கான வாடகை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. குழியைக் கொஞ்சம் அகலப்படுத்தலாம் என்றார் இன்னொருவர். அது அறநெறிக்கு ஒவ்வாது என்று இயக்குநர் கண்டித்தார். முடிவில், விழுந்தபின் படிவம் நிரப்பித் தரும் ஒவ்வொருவருக்கும் நேரச் செலவுக்கு நன்றியாக ஒரு பீங்கான் கப் தருவது என்று தீர்மானமாயிற்று.

கப்புகளைப் பாய் ஷெட்டிலேயே ஆர்டர் கொடுத்தார்கள். கப்பின் மேல் ‘விழிப்போடு இரு’ என்று எழுதியிருந்தது. அமிர்தம்தான் பிசிறு சீவினாள்.

சேதி எப்படியோ பரவிவிட்டது. மறுவாரம் கப்புகள் வந்து இறங்கிய காலையில், பெண்ணாடத்துக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர் ஒன்று ஓரம் கட்டி, அதிலிருந்து நான்கு பேர் வரிசையாக இறங்கி விழுந்தார்கள். வீரம்மாள் என்ற ஒரு பெண் சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ் பிடித்து வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு பக்குவமாக விழுந்தாள். படிவம் நிரப்பிக் கப்பை வாங்கிக்கொண்டு, சாஸர் இல்லையா என்று கேட்டாள். தட்டோடு சேர்ந்து ஆறு கப் கிடைத்தால் மகளுக்குச் சீர் வைக்கலாம் என்று நினைத்து வந்ததாகச் சொன்னாள். தர்மராஜ் எண்ணியை அழுத்தி அழுத்தி விரல் வீங்கியது. இவர்களெல்லாம் நாற்பது பேரில் சேராதவர்கள் என்பது மாலையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அத்தனை விழுகையும் வீண்.

இவ்வளவு நாளும் ஜெரினா குழியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மிச்சமிருந்த பலகையின் மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அமிர்தத்துக்கும் அவளுக்கும் பேச்சு குறைந்துபோயிற்று. எதைப் பேசினாலும் குழியில் வந்து முடிகிற மாதிரி இருந்தது. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் குழி வரும். ராத்திரி தூக்கம் வந்ததா என்று கேட்டால் குழி வரும். மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குழம்பைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

அடுத்த புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை. காலை ஏழு மணிக்கே வாய்க்கால் நிரம்பி, ரோட்டுத் தண்ணீரும் அதுவும் ஒன்றாகி, கல் எது, குழி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே செம்மண் நிறத்தில் பரந்து கிடந்தது. ஷாமியானாவுக்குக் கீழே தர்மராஜ் குடை பிடித்துக்கொண்டு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இளமதி நின்றாள். அன்று அவளுக்கு, தர்மராஜ் ஒழுங்காக எண்ணுகிறாரா என்று எண்ணும் பயிற்சி.

அமிர்தம் முன்னதாக வந்து ஷெட்டுப் பக்கம் நின்றிருந்தாள். ரோட்டோரம் ஆட்டோவிலிருந்து ஜெரினா இறங்கினாள். தண்ணீரைப் பார்த்தாள். எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அமிர்தத்துக்கு அந்த இடம் தெரியும். ஆனால் சொல்லக் கூடாது. பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இளமதி வாயைத் திறந்துவிட்டு மூடினாள். ஜெரினா ஒரு காலைத் தூக்கினாள், தப்பான பக்கம்.

அமிர்தம் ஒன்றும் பேசவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு நடந்து போய்க் குழிக்குள் இறங்கிவிட்டாள். தண்ணீர் மார்புவரை வந்தது. அங்கே நின்றுகொண்டு இரண்டு கையையும் மேலே நீட்டினாள். ஜெரினா தூக்கிய காலை இழுத்துக்கொண்டு, அவள் நிற்கும் இடத்தைப் பார்த்துக் கல் எங்கே என்று புரிந்துகொண்டு, அவள் தோளில் கை ஊன்றி மெதுவாக இந்தப் பக்கம் வந்தாள். வந்தபிறகு அழுதாள்.

“அக்கா, கால் இன்னும் சரியாவலியே ஒனக்கு” என்றாள்.

“பேசாத புள்ள. கசிஞ்சிடப் போவுது” என்றாள் அமிர்தம்.

எண்ணி ஒரு முறை சொடுக்கிற்று. பயிற்சிக் குழு, விழுகை ஒன்று. இளமதி நோட்டில் ஏதோ எழுதப்போய், மழை நனைத்துவிட்டதுபோலத் தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குள் பயிற்சிக் குழுவில் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். அமிர்தத்தை மேலே ஏற்றிவிட்டுப் பக்கிரி இறங்கினான். பிறகு இன்னொருவர். மழை நின்றபாடில்லை. மூன்று நாளும் முறை வைத்து, யாராவது ஒருவர் குழிக்குள் நின்று மற்றவர்களைக் கை கொடுத்துத் தாண்டிவிட்டார்கள். யாரும் குழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விதி எதுவும் மீறப்படவில்லை. தர்மராஜ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தினார்.

கணக்குப் பார்த்தபோது ஒப்பீட்டுக் குழுவில் அந்த மூன்று நாளும் ஒரு விழுகைகூட இல்லை. பயிற்சிக் குழுவில் ஐம்பத்தெட்டு. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே விழுந்திருந்தார்கள். பழைய ஆறோடு சேர்த்து மொத்தம் சரியாக அறுபத்துநான்கு. ஆய்வு செல்லுபடியாகிவிட்டது. சனிக்கிழமை நிறைவு விழாவுக்கு ஒரு உயர் அதிகாரி வருகிறார். பேனர் அடித்தாயிற்று. ஆய்வாளர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க எண்களைக் கூட்டியும் வகுத்தும் பார்த்தார்கள். என்ன செய்தாலும் விழாமல் இருக்கச் சொல்லிக் கொடுத்தால் விழுகிறார்கள் என்றே வந்தது. இளமதி மறுபடி எழுந்து, குழியை மூடிப் பார்த்தால் என்ன என்று கேட்டாள். அது அடுத்த ஆண்டு மேல்நிலைப் பயிற்சியில் வருகிறது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லி உட்கார வைத்தார்கள்.

நிறைவு விழாவில் இயக்குநர் துளியும் கலங்கவில்லை.

“இங்கே சிலர், பயிற்சிக்குப் பின் விழுகை கூடிவிட்டதே என்று கேட்கக்கூடும். ஆழ்ந்து பாருங்கள். பயிற்சிக்கு முன் இந்த மக்கள் அறியாமல் விழுந்தார்கள். இன்று அறிந்து விழுகிறார்கள். தாங்களே முன்வந்து, முறைவைத்து, நின்று, நோக்கி, நினைத்து விழுகிறார்கள். பன்னிரண்டே நாளில் ஒரு சமூகத்தின் மனத்தை இவ்வளவு மாற்றியிருக்கிறோம். இனி இவர்களுக்கு எந்தக் குழியைக் கொடுத்தாலும் கவலையில்லை.”

உயர் அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். முப்பத்திரண்டு பேருக்கும் சான்றிதழ் கொடுத்தார். பிறகு எல்லோரும் ஊர்வலமாகக் குழிக்கு வந்தார்கள். அங்கே ஷாமியானாக் கம்பத்தில் சாய்த்து வைத்திருந்த நினைவுக் கல்லைத் திரை விலக்கித் திறந்து வைத்தார். கருங்கல். நாலடி நீளம், மூன்றடி அகலம், நான்கு விரல் கனம். ஆய்வுமுறைப் பயிற்சி நடந்த இடம் என்று எழுதி, கீழே அதிகாரியின் பெயரும் இயக்குநரின் பெயரும் பொன் எழுத்தில் வெட்டியிருந்தது. எங்கே பதிப்பது என்று முடிவாகவில்லை. அதற்குள் பஸ் கிளம்பும் நேரமாகிவிட்டது. தகுந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பாயிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள்.

பஸ் திரும்பி மறைகிறவரை எல்லோரும் கையாட்டினார்கள். பிறகு கல்லைப் பார்த்தார்கள். பிறகு குழியைப் பார்த்தார்கள். பக்கிரி கைலியை மடித்துக் கட்டினான்.

ஆறு பேர் சேர்ந்து தூக்கி வைத்ததில் அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. அமிர்தத்துக்கு மட்டும் ஒரு சங்கடம். எழுத்தின் மேல் கால் படலாமா? மறுபடி ஆறு பேரும் தூக்கி, எழுத்துப் பக்கத்தைக் கீழே போட்டுத் திருப்பி வைத்தார்கள். ஜெரினாதான் முதலில் நடந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொள்ளாமல், இரண்டு கையையும் வீசிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள்.

பாய் பயந்தபடியே பத்து நாளில் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். அரசாங்க வாய்க்காலில் யார் கல் போட்டது என்று கேட்டார். பக்கிரி கல்லின் அடிப்பக்கத்தைக் கைகாட்டினான். வாய்க்கால் சரிவில் இறங்கி, குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் கல்லின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். பொன் எழுத்தில் இருந்த பெயரைப் படித்தார். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். கல் நல்ல நிலையில் பராமரிக்கப்படுகிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆறு மாதம் கழித்துச் சித்திரை வெயிலில் இளமதி தனியாக வந்தாள். தொடராய்வாம். அதே நாற்பது பேர், அதே குழி, மறுபடி ஒரு கணக்கு. கல்லின் மேல் நின்றுகொண்டு, குழி எங்கே என்று கேட்டாள். அமிர்தம் அவள் காலுக்குக் கீழே காட்டினாள். இளமதி குனிந்து பார்த்துவிட்டு, அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் சிரித்தாள். சிரித்து முடித்தபிறகுதான் டேப்லெட்டின் நினைப்பு வந்து முகம் மாறிற்று. குழியின் நிலையைப் பதியாமல் திரை அடுத்த பக்கத்துக்கு நகராது. இருக்கிறது, பெரிதாகிவிட்டது என்ற இரண்டுதான் அதில் இருந்தன.

இயக்குநருக்குப் போன் போட்டாள். மூடப்பட்டது என்ற சொல்லை எங்கேயும் பயன்படுத்த வேண்டாம், அது நிதி கொடுத்தவர்களுக்குத் தவறான எண்ணத்தைக் கொடுக்கும் என்றார் அவர். ஆய்வின் நடுவில் காணாமல் போகிறவர்களுக்கென்று ஒரு விலகல் படிவம் இருக்கிறது. குழியையும் அப்படி ஒருவராகக் கருதி நிரப்பி அனுப்பும்படி சொன்னார்.

மூன்று பேரும் கல்லின் மேல் உட்கார்ந்து நிரப்பினார்கள். மூன்றரை மாதக் குழந்தை சைமா ஜெரினாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். விலகுபவர் பெயர், குழி. விலகக் காரணம் என்பதில் முதலாவது, இறந்துவிட்டார். குழந்தையை வைத்துக்கொண்டு அதைப் போட வேண்டாம் என்றாள் ஜெரினா. இரண்டாவது, ஊர் மாறிவிட்டார். அதைத் தொட்டால் புது விலாசம் கேட்டது. மூன்றாவது, ஆய்வில் ஆர்வம் இழந்துவிட்டார். அமிர்தம் கொஞ்சம் யோசித்து, அதுதான் சரியாக இருக்கும் என்றாள்.

கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. விலகுபவரால் கையெழுத்திட முடியாத நிலையில், அவர் சார்பில் நெருங்கியவர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். இளமதி டேப்லெட்டை அமிர்தத்திடம் நீட்டினாள். அமிர்தம் களிமண் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, திரையில் தன் பெயரை எழுதினாள். அடுத்து உறவுமுறை என்று கேட்டது.

“என்னாம்மா போடறது இதுக்கு?”

இளமதி கட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள், பட்டியல் எதுவும் விரியவில்லை. நீங்களே சொல்லுங்க என்றாள்.

“உள்ள வுழுந்தவன்னு போடு” என்றாள் அமிர்தம்.

இளமதி அதை அப்படியே அடித்தாள். படிவம் ஏற்றுக்கொண்டது.